தொழுவத்து மரத்தில் ஒரு படச் சட்டம்

எங்கள் ஊர் வீட்டின் பின்புறத்தில் நின்ற மாட்டுத் தொழுவம் 1996-ஆம் ஆண்டு தை மாதத்தில் பிரிக்கப்பட்டது. மாடுகள் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கூரையும் ஒருபுறம் சரிந்துவிட்டது. பிள்ளைகள் நால்வரும் இடத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய காலமும் வந்துவிட்டது. அண்ணன் மரங்களையெல்லாம் ஒரு விறகு வியாபாரியிடம் எடைக்கு விலை பேசி முடித்திருந்தார். வண்டியில் ஏற்றுகிற நேரத்தில் அம்மா பின்வாசலில் வந்து நின்று, "அந்த நடு உத்திரத்தை மட்டும் விட்டுவிடு, ஐயா. அப்பாவும் சித்தப்பாவும் தோளில் சுமந்து வந்த மரம் அது. அவர் படந்தான் இல்லாமற்போயிற்று, அவர் தொட்ட மரமாவது வீட்டில் கிடக்கட்டும்" என்றார்கள்.

அண்ணன் மறுபேச்சின்றி உத்திரத்தை இறக்கிவைக்கச் சொன்னார். ஆனால் அம்மா சொன்ன அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ஏனெனில், அப்பாவின் படம் இல்லாமற்போனதற்குக் காரணம் நானே.

அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு புகைப்படம். கறுப்பு வெள்ளையில் எடுத்தது. அதை நானே சட்டமிடுகிறேன் என்று 1987-ஆம் ஆண்டில் ஆர்வத்தோடு முன்வந்தேன். கடையில் கொடுத்தால் காசு என்பது ஒருபுறம். என் கையால் செய்ய வேண்டுமென்ற ஆசை மறுபுறம். அறுத்துச் சில வாரங்களே ஆன பச்சை மாம்பலகையை வாங்கினேன். படத்தைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் அழுத்தி வைத்தேன். பின்னால் செய்தித்தாளை மடித்துத் திணித்தேன். மழைச் சாரல் அடிக்கிற வெளிச்சுவரில் மாட்டினேன். இரண்டாவது ஆண்டு ஐப்பசி மழையில் சட்டத்தின் மூலைகள் விரிந்துவிட்டன. உள்ளே ஈரம் புகுந்து, படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அதையாவது அப்படியே விட்டிருக்கலாம். நான் பிரித்தெடுக்க முயன்றேன். அப்பாவின் முகம் கண்ணாடியோடு போயிற்று. என் கையில் வெற்றுத்தாள் நின்றது.

அம்மா என்னை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்றுவரை வலிக்கிறது.

பழைய வீடும் தொழுவமும் இடிபடாத பங்கு இன்று ஒன்றுமில்லை. இடிபடும் ஒவ்வொரு கூரையோடும் நல்ல மரமும் சேர்ந்து அடுப்புக்குப் போகிறது. ஆதலால், என் தவறு எனக்குக் கற்பித்தவற்றையும், அந்த உத்திரம் பின்னாளில் சட்டங்களாக மாறிய விதத்தையும் இம்மாதம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பழைய மரத்தின் சிறப்பு

மரம் உலரும்போது அகலத்தில் சுருங்கும். நீளத்தில் ஏறத்தாழச் சுருங்காது. சட்டத்தின் மூலைகளை 45 பாகைச் சாய்வில் வெட்டிப் பொருத்துகிறோம். பச்சை மரத்தில் செய்த சட்டம் நாளடைவில் உலர்ந்து அகலம் குறையும்போது அந்தச் சாய்வு மாறிவிடுகிறது. மூலை உட்புறமாக வாய் திறக்கிறது. என் மாம்பலகைக்கு நேர்ந்தது இதுவே. பல ஆண்டுகள் கூரையில் கிடந்த மரமோ, சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி, முறுக வேண்டிய அளவுக்கு முறுகி அடங்கிவிட்டது. மழைக்காலத்தில் சிறிது உப்பவும் கோடையில் சிறிது ஒடுங்கவும் செய்யும் என்றாலும், பச்சை மரம் செய்யும் சேட்டையை அது செய்யாது.

நிறமும் ஒரு காரணம். வெயிலும் மழையும் பட்ட மரத்தின் மேற்பரப்பு வெள்ளிச் சாம்பல் நிறம் கொள்ளும். மர நாரைப் பிணைக்கும் பொருளை வெயில் சிதைக்க, மழை அதைக் கழுவிவிடுவதால் இந்நிறம் வருகிறது. இது மிக மெல்லிய படலமே. இழைப்புளியை ஒருமுறை ஓட்டினால் போய்விடும். பிறகு திரும்பி வர ஆண்டுகள் பல ஆகும்.

வட அமெரிக்க நாடுகளில் இடிபட்ட பண்ணைக் களஞ்சியங்களின் பலகைகளை மக்கள் தேடி வாங்கிப் படச் சட்டங்கள் செய்கிறார்கள். அங்கே அதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1904-ஆம் ஆண்டு நியூயார்க் நகர விலங்குக் காட்சிச்சாலையில் நின்ற செஸ்நட் மரங்களில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குள் அது 300 கோடிக்கும் மேற்பட்ட மரங்களைக் கொன்றதென்று மதிப்பிடுகிறார்கள். ஒருகாலத்தில் வேலிக்கும் களஞ்சியத்துக்கும் மலிவாகக் கிடைத்த அந்த மரம், இன்று பெரும்பாலும் பழைய களஞ்சியங்களைப் பிரிக்கும்போதுதான் கைக்குக் கிடைக்கிறது. மலிவென்று எண்ணியதன் அருமை, அது போன பின்புதான் தெரிகிறது.

எங்கே தேடுவது?

முதலில் நம் வீட்டிலேயே தேடுவோம். தொழுவத்து உத்திரம், கைமரம், உடைந்த பத்தாயத்தின் பலகை, கழற்றிப் போட்ட சன்னல் கதவு, கால் ஒடிந்த கட்டிலின் சட்டம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். ஒரு சிறு படத்துக்கு ஆறடி மரம் போதும். அடுத்து, பழைய கட்டட மரங்களை விற்கும் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகள் பெயர் பெற்றவை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பர்மாத் தேக்கை நிறையப் பயன்படுத்தியிருந்தார்கள். அவ்வீடுகள் பிரிக்கப்படும்போது தூணும் கதவும் நிலையும் கடைக்கு வருகின்றன.

ஒன்றை மறவாதிருப்போம். சிற்ப வேலைப்பாடு அமைந்த பழைய நிலையையோ கதவையோ சட்டத்துக்காக அறுத்தல் கூடாது. நூறாண்டுகளைக் கடந்த கலைப்பொருள்களை 1972-ஆம் ஆண்டுத் தொன்பொருள் சட்டம் காக்கிறது. கோவிலில் கழற்றி வைத்த பலிபீட மரமும் பெஞ்சும் பங்கு மக்கள் அனைவருக்கும் உரியவை; பங்குத் தந்தையின் இசைவின்றி ஒரு துண்டும் எடுத்தல் ஆகாது. ஆளில்லாத வீடென்றாலும் அதற்கு உரியவர் எங்கோ இருப்பார். கேட்டுப் பெறுவதே முறை.

மர வகைகளைப் பற்றி இரண்டொரு சொல். தேக்கின் வைரப் பகுதியில் இயற்கையான எண்ணெய்ப்பசை இருப்பதால் கறையான் எளிதில் அண்டாது. வெளிறிய ஓரப் பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை. பூவரசு செறிவான மரம், நன்கு மெருகேறும். பலா அறுத்தவுடன் மஞ்சளாக இருக்கும். ஒளி படப்படப் பொன்னிறமாகிப் பழுப்பாகும். பனையில் வெளிவட்டம் மட்டுமே உறுதி, உள்ளே சோறு. அதன் கரிய நார் அழகானதென்றாலும், இழைக்கும்போது சிராய் கையில் ஏறும். முதன்முதலில் கைவேலை பழகுவோர் பனையை விட்டுவிட்டு வேறு மரத்தை எடுப்பதே நல்லது.

எவற்றை விலக்க வேண்டும்?

இரயில் பாதையின் பழைய கட்டைகள் கிரியோசோட் என்னும் நச்சு எண்ணெயில் ஊறியவை. அவற்றை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

கடற்கரைப் பங்குகளில் பழைய வள்ளத்துப் பலகைகள் கிடைக்கும். அப்பாவோ பாட்டனாரோ கடலுக்குப் போன வள்ளமென்றால் அதன் துண்டொன்றை வீட்டில் வைக்க யாருக்குத்தான் ஆசை இராது! ஆனால் கடல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்; ஆணியை அரிக்கும். நல்ல நீரில் பல நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை வெளியேற்றி, நிழலில் மெல்ல உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும். வள்ளத்தின் அடிப்புறம் பூசிய சாயத்தில் நஞ்சு கலந்திருக்கக்கூடும், அப்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

பழைய கதவு, சன்னல்களின் வண்ணப் பூச்சில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தைப் பத்து இலட்சத்துக்கு 90 பங்கு என்ற அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்திய பூச்சை உப்புத்தாள் கொண்டு உலர்வாகத் தேய்த்தால் எழும் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கருவுற்ற தாய்மாருக்கும் அது கேடு. பூச்சுள்ள மரத்தை விட்டுவிடுவதே நலம்.

தொழுவத்து மரத்திலும் தரையோடு ஒட்டிய இரண்டடியை வெட்டித் தள்ளிவிட வேண்டும். சாணமும் கோமியமும் ஊறிய பகுதி அது. உப்பும் வாடையும் எளிதில் போகா.

நகர்ப்புறத்தில் வாழ்வோருக்குச் சரக்குப் பெட்டிகளின் பலகை எளிதாகக் கிடைக்கும். அயல்நாட்டுச் சரக்கோடு வரும் பலகைகளில் கோதுமைக் கதிர் வடிவ முத்திரை காணப்படும். அதில் 'எச்.டி.' என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டது என்று பொருள், எடுக்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப் புகையிட்டது, அதை விட்டுவிடுக.

ஆணியும் பூச்சியும்

எங்கள் உத்திரம் ஒன்பது அடி நீளமுள்ள பலா மரம். அறுவை ஆலைக்குக் கொண்டுபோனால், ஆணி வாளை ஒடித்துவிடும் என்று பழைய மரத்தைத் தொட மறுத்துவிட்டார்கள். ஊரில் இருந்த முதிய ஆசாரி ஒருவரிடம் போனேன். அவர் ஒரு காந்தத்தை நூலில் கட்டி, மரத்தின் நான்கு பக்கமும் மெல்ல ஓட்டினார். காந்தம் எங்கெல்லாம் சாய்ந்ததோ அங்கெல்லாம் சுண்ணாம்பால் புள்ளியிட்டார். பதினேழு ஆணிகள்! தலை தேய்ந்து வெளியே தெரியாதிருந்தவை அவற்றுள் பாதி. குறட்டுக்கு அகப்படாதவற்றைச் சுற்றி மெல்லிய உளியால் குடைந்து எடுத்தார். "அவசரப்பட்டு இழுக்காதீங்க, தம்பி. ஆணி வரும்போது மரத்தையும் பேத்துக்கிட்டு வந்துடும்" என்றார். ஆணியைச் சுற்றிப் படிந்த கருங்கறையை அவர் தேய்க்கவில்லை. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து உண்டான கறை அது. மரத்தின் வயதுக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்தது பூச்சி. மரத்தில் சிறு துளைகள் இருப்பது மட்டும் குற்றமன்று; பூச்சி என்றோ வந்து போயிருக்கலாம். இப்போதும் உள்ளே இருக்கிறதா என்பதே கேள்வி. மரத்தைத் தட்டிச் சுத்தம் செய்து, வெள்ளைத் தாளின் மேல் இரண்டு மூன்று வாரம் வைத்திருங்கள். புதுத் தூள் உதிர்ந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. அந்தத் துண்டு வீட்டுக்கு ஆகாது. ஒரு சட்டத்தில் புகுந்தது வீட்டு நிலைக்கும் பரவலாம். உதிராவிட்டால், நார்த்தூரிகையால் தூசி தட்டி, பிழிந்த ஈரத் துணியால் துடைத்து, நிழலில் காயவிடுங்கள்.

அளவும் வெட்டும்

கணக்கு எளிது. கண்ணாடியின் அளவு 12 அங்குலத்துக்கு 10 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சட்ட மரத்தின் அகலம் 2 அங்குலம். கண்ணாடி உட்காரும் காடியின் அகலம் கால் அங்குலம். கண்ணாடியின் நீளத்தோடு மர அகலத்தின் இரு மடங்கைக் கூட்டி, காடியின் இரு மடங்கைக் கழிக்க வேண்டும். நெடுந்துண்டு 15½ அங்குலம். குறுந்துண்டு 13½ அங்குலம். கண்ணாடி இறுகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் அரைக்கால் அங்குலம் கூட்டிக்கொள்க. நான்கும் சேர்ந்து ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. வாள் தின்பதையும் வெடிப்புப் பகுதிகளையும் எண்ணி ஆறடி எடுத்துக்கொள்வது நல்லது.

காடி வெட்டத் தனிக் கருவி வேண்டுமே என்று கலங்க வேண்டாம். முகப்பு மரத்தின் பின்னால், உள் விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி, அரை அங்குலக் கனமுள்ள சிறு பட்டியைப் பசையிட்டு ஒட்டினால் அதுவே காடியாகிவிடும். முன்முகத்தை இழைக்க வேண்டியதில்லை. பின்புறத்தையும் ஓரங்களையும் மட்டும் இழைத்து நேராக்கினால் போதும். பழைய முகம் பழைய முகமாகவே இருக்கட்டும். எதிரெதிர்த் துண்டுகள் இரண்டும் ஒரே நீளம்தானா என்று ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்த்த பிறகே பசையிட வேண்டும். நீளத்தில் மயிரிழை வேறுபட்டாலும் நான்காவது மூலை சேராது. பசை காயும்வரை சட்டத்தைச் சுற்றிக் கயிற்றால் முறுக்கிக் கட்டி வையுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை இருபுறமும் அளந்தால் அளவு ஒன்றாக இருத்தல் வேண்டும்.

மெருகுக்குத் தேன்மெழுகு போதும். ஆளிவிதை எண்ணெய் பூசுவோர் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். வெளியில் விரித்துக் காயவைத்த பின்னரே அப்புறப்படுத்துங்கள்.

படத்தைக் காப்பது

நான் தவறிய இடம் இதுவாகையால் அழுத்திச் சொல்கிறேன். புகைப்படத்தின் மேற்பூச்சு ஒருவகைப் பசையால் ஆனது. ஈரம் பட்டால் இளகிக் கண்ணாடியில் ஒட்டும். ஆகவே, நடுவில் சாளரம்போல் வெட்டிய கனத்த அட்டையை இடையில் வைத்து, படம் கண்ணாடியைத் தொடாதவாறு செய்ய வேண்டும். பின்னால் செய்தித்தாள் கூடாது. அதிலுள்ள அமிலம் படத்தைப் பழுப்பாக்கும். அமிலமற்ற அட்டை என்று கேட்டால் படக் கடைகளில் கிடைக்கும். பழைய மரத்திலிருந்தும் சிறிது அமில ஆவி வரும். ஆதலால் விலைமதிப்பற்ற மூலப் படத்தைச் சட்டத்தில் இடாதீர்கள். இன்று நகலெடுப்பது எளிது. நகலைச் சட்டத்தில் இட்டு, மூலத்தை உலர்ந்த இருட்டான இடத்தில் உறையிட்டு வையுங்கள்.

படம் ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுத்துவிட்டு, படங்களைப் பழுதுபார்க்கும் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள். எனக்கு அன்று இதைச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால்!

மழைச் சாரல் படும் சுவரிலும், குளியலறைச் சுவரிலும் மாட்டாதீர்கள். சட்டத்தின் கீழ் மூலைகளின் பின்னால் இரு சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று உலவும்.

நான்கு சட்டங்கள்

அந்த உத்திரத்தை அறுத்தபோது உள்ளே புத்தம் புதியதுபோல் மஞ்சள் நிறம் மின்னியது. மேற்புறத்தில் ஓரிடத்தில் மட்டும் வழவழப்பான ஒரு பள்ளம். ஆசாரி அதை இழைத்துவிடவா என்று கேட்டார். கூட இருந்த அம்மா, "வேண்டாம், ஆசாரி. பிள்ளைகளுக்கு அவர் ஊஞ்சல் கட்டித் தந்த கயிறு தேய்த்த தடம் அது" என்றார்கள். நாங்கள் ஆடி மறந்த ஊஞ்சலை அம்மா மறக்கவில்லை.

சட்டம் ஆயிற்று, படத்துக்கு எங்கே போவது? அத்தை வீட்டுப் பெட்டியில் ஒரு திருமணக் கூட்டப் படம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதைத் தேடிப் போனவர் அண்ணன்தாம். பாகப்பிரிவினையில் எங்களுக்குள் சில கசப்பான பேச்சுகள் நடந்திருந்தன. ஓராண்டாக ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாதிருந்தோம். அந்தப் படத்தின் ஓரத்தில், பாதி முகம் மறைந்தும் மறையாமலும் அப்பா நின்றிருந்தார். நான்கு நகல்கள் எடுத்தோம். மீந்த மரத்தில் ஆசாரியும் நானுமாக இன்னும் மூன்று சட்டங்கள் செய்தோம். 1997 கிறிஸ்துமஸ் அன்று அண்ணனுடைய சட்டத்தை நானே எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் அதைத் தடவிப் பார்த்து, "இதையும் எடை போட்டு விற்றிருப்பேனே" என்றார். அதற்கு மேல் இருவராலும் பேச முடியவில்லை.

இடம் நான்காகப் பிரிந்துவிட்டது. மரமும் நான்காகப் பிரிந்தது. ஆனால் இன்று எங்கள் நான்கு வீட்டுச் சுவரிலும் ஒரே உத்திரம் இருக்கிறது. ஊஞ்சல் தடம் பதிந்த சட்டம் அம்மாவின் அறையில் இருந்தது. 2009-ஆம் ஆண்டில் அவர்கள் இறைவனடி சேர்ந்த பிறகு, அதை இன்னாருக்கு என்று பங்கிட எவரும் முன்வரவில்லை. ஆண்டுக்கொரு வீடாக அது சுற்றி வருகிறது.

உங்கள் வீட்டுப் பின்புறத்திலும் ஏதோ ஒரு மரம் மழையில் நனைந்துகொண்டிருக்கும். அதை எடைக்குப் போடுவதற்கு முன், வீட்டிலுள்ள முதியவரை அழைத்து, இது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேளுங்கள்.